தோசைக்கல் மிசின்

இக்கட்ட வந்து உக்காருங்க. அந்தச் சேர்ல ஒரு காலு ஆடுதுங்க. வந்ததுமே பாத்துட்டேன். ஸ்குரூ டிரைவர் இருந்தா ரெண்டு திருகு திருகி உட்டிருப்பேன். ராசாமணிதான் பையில வெக்க உடலை. டாக்டரைப் பாக்கறதுக்கு எதுக்கு ஸ்குரூ டிரைவருங்கறா. இப்பப் பாருங்க, தேவைப்படுதா இல்லையா?

என்ன கேட்டீங்க? சோறா? சோறெல்லாம் ஆச்சுங்க, காலையிலயே ஒரு கை பாத்துட்டுத்தான் வந்தோம். ஓ, ஊரா! அப்படி மொகத்தைக் காட்டிப் பேசுங்க, கீழ குனிஞ்சு செருப்புகிட்டப் பேசுனா எனக்கு எப்படித் தெரியும்? ஊரு இங்கதானுங்க, பீளமேடு.

எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் கல்லுக்குண்டு. சம்சாரத்துக்குத்தான். அதா, சீட்டுக் குடுக்கற எடத்துல நீலச் சேலை கட்டீட்டு நிக்குதே, அதுதான் ராசாமணி. தொண்டைங்க. வெளிய போர்டு பாத்தீங்கல்ல, காது மூக்கு தொண்டைன்னு? மூணுக்கும் ஒரே டாக்டரு. எங்களுக்கு வேண்டியது மூணாவது. உங்களுக்கு ரெண்டாவதுன்னு நெனைக்கறேன். வந்ததுல இருந்து கைக்குட்டையை அந்தப் பாடு படுத்தறீங்களே.

ஒரு வருசமாவே அவளுக்குக் கொரலு எழும்பறதில்லீங்க. அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுட்டு என்னமோ சொல்லுவா. எனக்கு முதுகுதான் தெரியும். ‘என்ன?’ம்பேன். மறுக்காச் சொல்லுவா. ‘என்ன?’ம்பேன். மூணாவது தடவை கரண்டியை டொக்குன்னு வெச்சுட்டு இக்கட்ட திரும்பிச் சொல்லுவா பாருங்க, அப்ப மட்டும் நல்லாக் கேக்கும். அடுப்புல இருந்து திரும்பறதுக்குள்ள தொண்டை சரியாப் போயிருதுங்களா? அது என்ன வியாதின்னுதான் டாக்டர்கிட்டக் கேக்கோணும்.

நானா? நான் முப்பத்தி நாலு வருசம் மில்லுல ஃபிட்டருங்க. ஸ்பின்னிங். நீங்க மில்லுக்குள்ள போயிருக்கறீங்களா? அந்த எரைச்சல்ல ஒருத்தன் கத்துனாலும் இன்னொருத்தனுக்குக் கேக்காது. அதனால நாங்க கத்தறதே இல்லை. வாயைப் பாத்தே பேசிக்குவோம். இருவதடி தள்ளி நிக்கற ஆளு டீக்குப் போலாமான்னா, உதட்டைப் பாத்தே தலையை ஆட்டிருவேன். சூப்பர்வைசரைத் திட்டறதும் அப்படித்தான், அவரு முதுகுக்குப் பின்னால நின்னுட்டே திட்டிக்குவோம். ரிட்டேர்டாயி ஆறு வருசமாகுது, இன்னும் அந்த வித்தை மறக்கலை.

காத்தா? ஆமாங்க, ஃபேனு சும்மா பேருக்குச் சுத்துது. கண்டன்சர் போயிருக்கும்.

உங்களுக்குச் சோலி ஒண்ணுமில்லையே? டோக்கன் வாரதுக்கு எப்படியும் நேரமாகும். அப்ப நான் ஒரு மிசின் பண்ணுனதைச் சொல்றேன். ரெக்கார்டு கழுவற மிசினு. அட, கோர்ட்டு ரெக்கார்டு இல்லீங்க, பாட்டு ரெக்கார்டு. கறுப்பா, வட்டமா, முள்ளு வெச்சாப் பாடுமே, அது. நீங்க சின்ன வயசுல கலியாண வூட்டுல பாத்திருப்பீங்க. சிரிக்காதீங்க. கழுவறதுக்கு மிசினு இருக்குது. வெளிநாட்டுல செஞ்சு விக்கறாங்க. நான் வூட்டுலயே செஞ்சேன்.

என்ற மாமனாரு நாச்சிமுத்து ரேடியோ சர்வீஸ் வெச்சிருந்தாருங்க. நோம்பி, கலியாணம், சீரு, எது நடந்தாலும் அவரோட கொழா ஸ்பீக்கர்தான் பனைமரத்துல ஏறும். அவரு போயி, கடையும் போயி, போன ஆடி மாசம் மச்சினன் பொன்னுசாமி பழைய வூட்டை இடிக்கறப்ப பரண்ல இருந்து நாலு தகரப் பொட்டி எறக்குனான். அத்தனையும் ரெக்கார்டு. ‘அக்கா, இதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டரட்டுமா?’ன்னு போன் பண்ணியிருக்கறான். அவ என்ன சொன்னாளோ, அடுத்த நாளு பொட்டி நாலும் எங்கூட்டு ஆசாரத்துல, முன் ரூமுல, இருந்துது. அந்தக் கூட்டத்துல ஒரு ரெக்கார்டு இருந்துதுங்க.

எந்தப் பாட்டுன்னு கேக்காதீங்க. சொன்னா நீங்க பாட ஆரம்பிச்சிருவீங்க, உங்க மூக்கு இருக்கற லட்சணத்துக்கு அது வேண்டாம். ரெண்டாவது சரணத்துக்கு முன்னால புல்லாங்கொழலு வரும். கொழலு நிக்கும். நின்னதும் ஒரு சின்ன மணி, ஒரே ஒருக்கா, டிங். அவ்வளவுதான். பொறவு பாட்டுப் போயிரும். நூறு பேர் கேட்டா தொண்ணூத்தெட்டுப் பேருக்கு அந்த மணி இருக்கறதே தெரியாது. மீதி ரெண்டு பேரு நாங்கதான்.

மில்லுல ஆயுத பூஜைக்கு மாமனாரு செட்டுப் போட வந்தாரு. கூட மகளும் வந்திருந்தா, ரெக்கார்டுப் பொட்டிகிட்ட உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்துட்டு. நான் ஆம்ப்ளிஃபயர் வயரு லூசா இருக்குதுன்னு ஒரு சாக்கு வெச்சுட்டுப் பக்கத்துல போயி நின்னேன். வயரு நல்லாத்தான் இருந்துது, நாந்தான் கழட்டி உட்டேன். அந்தப் பாட்டு ஓடுது. கொழலு நிக்குது. மணி அடிக்குது. அது அடிக்கற அதே நேரத்துல அவ ஒரு வெரலை எடுத்துத் தகரப் பொட்டி மேல டக்குன்னு ஒரு தட்டு. நானும் அதே நேரம் ஸ்பேனர்ல டக்குன்னு ஒரு தட்டு. அவ நிமுந்து பாத்தா. போதுங்களா? தை மாசம் கலியாணம் முடிஞ்சுது.

அந்த ரெக்கார்டை முப்பத்தெட்டு வருசம் கழிச்சு, மாமனாரோட பழைய பிளேயர்ல ஆசாரத்துல வெச்சுப் போடறேன். கொழலு வருது. நிக்குது. மணியைக் காணோம்! மறுக்கா முள்ளைத் தூக்கி வெச்சேன். இல்லை. பாட்டே என்னமோ கம்பளிக்குள்ள இருந்து பாடறாப்பல மொத்தையா இருந்துது. ரெக்கார்டைத் திருப்பி வெயில்ல பாத்தா, வரியெல்லாம் அழுக்கு. நாப்பது வருசத்துத் திருவிழாப் புழுதி, கற்பூரப் பொகை, எல்லாம் போயி அடைஞ்சு கெடக்குது. மணி அடியில மாட்டீட்டு இருக்குதுன்னு புரிஞ்சுருச்சு. ராசாமணி என்னமோ சொன்னா. கேக்கலை. அப்பவே தொண்டை சரியில்லைன்னு நினைக்கறேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. உக்கடம் பழைய இரும்புக் கடையில லாரி வைப்பர் மோட்டாரு ஒண்ணு எடுத்தேன். அது மெதுவாச் சுத்தும், ரெக்கார்டுக்கு அந்த வேகம் போதும். அழுக்குத் தண்ணியை உறிஞ்சறதுக்கு, மக கலியாணத்துக்கு வந்த வேக்குவம் கிளீனரு. அதோட மோட்டாரைக் கழட்டுனேன். உறிஞ்சற கைக்கு அரை இஞ்சு பிளாஸ்டிக் பைப்பு, நீளமா ஒரு கீறல் போட்டு. தண்ணி வந்து விழறதுக்கு எலுமிச்சங்கா ஊறுகாப் பாட்டலு. இதெல்லாம் பொருத்தறதுக்குப் பழைய டிவி இருந்த மரப் பொட்டி. ரெக்கார்டு உக்கார்றதுக்கு வட்டமா, கனமா, ஆடாம ஒண்ணு வேணும். ஊரெல்லாம் தேடுனேன். கடைசியில பாத்தா வூட்டுலயே சும்மா கெடந்துது. தோசைக்கல்லு.

சும்மாதாங்க கெடந்துது. அடுப்பு மேல கெடந்துது. நடுவுல ஒரு ஓட்டை போட்டு, மேல சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுனேன். அப்படியே அளவெடுத்துச் செஞ்சாப்பல உக்காந்துது.

அப்பறம் வெல்வெட்டு. பைப்பு நேரா ரெக்கார்டு மேல பட்டா கீறுமுங்க, வாயில வெல்வெட்டு ஒட்டோணும். அவளோட கலியாண ஜாக்கெட்டு வெல்வெட்டு, மெரூன் கலரு. ஒரே ஒரு கைதான் எடுத்தேன். முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தித் தெச்சது, இப்பப் போட்டா உனக்குப் பத்துமான்னு கேட்டேன். ஜாக்கெட்டை வெட்டுனதுக்குக் கூட அவ ஒண்ணும் சொல்லலீங்க. இதைக் கேட்டதுக்குத்தான் ரெண்டு நாளாப் பேசலை. ‘இந்த வூட்டுல என்னையைத் தவுத்து எல்லாத்தையும் கழட்டியாச்சு’ன்னா. அது மட்டும் நல்லாக் கேட்டுது. நேரா மொகத்துக்கு வந்து சொன்னா.

மொதல் ட்ரையல் கொஞ்சம் தகராறுங்க. மோட்டார்ல உறிஞ்சற வாயும் ஊதற வாயும் ஒரே மாதிரி இருந்துது. நான் ஊதற வாயை மாட்டிப்புட்டேன். அழுக்குத் தண்ணி ஊறுகா வாசத்தோட பொன்னுசாமியோட வெள்ளைச் சட்டையில போயி அடிச்சுது. ‘மாப்பிளை, ரெக்கார்டு கழுவறதுன்னீங்க, என்னையைக் கழுவறீங்களே’ன்னான். அவனுக்கு எகத்தாளம் ஜாஸ்தி. வாயை மாத்தி மாட்டுனதுக்கப்பறம் பாருங்க! பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணியில ரெண்டு சொட்டு ஷாம்பு உட்டு, பிரஷ்ஷுல தடவி, சுவிச்சைப் போட்டா ரெண்டே சுத்துல ரெக்கார்டு மொகம் பாக்கற கண்ணாடியாட்ட வந்துது. பாட்டலுக்குள்ள பாத்தா டிகாஷனு.

சத்தமா? சத்தமே கெடையாதுங்க. ஈ பறக்கறாப்பல ஒரு ஞொய்யி, அவ்வளவுதான். மாடி வூட்டு டீச்சரம்மா மூணு தடவை எறங்கி வந்துட்டாங்க பாக்கறதுக்கு. வாசல்கிட்ட நின்னு ரெண்டு காது மேலயும் கையை வெச்சுட்டு நின்னாங்க. பாட்டுக் கத்துக்கிட்டவங்க அப்படித்தானே வெச்சுக்குவாங்க? அத்தனை ரசனை. நானும் அவங்களுக்காகக் கொஞ்சம் வால்யூம் ஏத்தி வெச்சேன். மறுக்கா அவங்க வரலை. மாடியிலயே கேட்டுக்கறாங்க போல.

ஆயுத பூஜை அன்னைக்குத்தான் அந்த ரெக்கார்டைக் கழுவறதுன்னு வெச்சிருந்தேன். மத்தது அத்தனையும் கழுவிக் கை பழகுன பொறவு கடைசியா அது. மிசினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்னு. முன்னால பெயிண்டுல எழுதியிருந்தேன்: வெள்ளியங்கிரி ரெக்கார்டு வாஷ். பொன்னுசாமி சும்மா இருப்பானுங்களா? ‘அக்கா, இதுல என்னமோ எழுதியிருக்குது, கண்ணாடி கொண்டு வரலை, சித்தெ படி’ங்கறான். அவ பாத்தா. ‘ரெக்கார்டு வாஷ்’னா. ‘அதுக்கு முந்தி?’ன்னான். ‘அதுக்கு முந்திச் சந்தனம் அப்பிக் கெடக்குது, தெரியலை’ன்னுட்டு உள்ள போயிட்டா.

என்ற பேரு வெள்ளியங்கிரிங்க. அவ வாயில அது வராது. எங்கூட்டுப் பக்கம் பொம்பளைங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்றதில்லை, தெரியுமல்ல? இப்பெல்லாம் எல்லாரும் சொல்றாங்க, என்ற மக அவ புருசனை வாடா போடாங்கறா. இவ மாறலை. எனக்கு ‘ஏனுங்க’தான். வெள்ளியங்கிரி மலையைக் கூட மேக்கால மலைம்பா. ஒருக்கா ரேசன் கார்டுக்கு எழுத வந்தவரு வூட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டிருக்கறாரு. நான் மில்லுக்குப் போயிட்டேன். இவ, ‘மேக்கால ஒரு மலை இருக்குதுங்கல்ல, சாமி கும்புட எல்லாரும் ஏறுவாங்களே, அந்தப் பேருங்க’ன்னிருக்கறா. அவரு என்ன பண்ணுவாரு? மேக்கால இருக்கற இன்னொரு மலைச் சாமி பேரை எழுதிட்டாரு, மருதாசலம்னு. ரெண்டு வருசம் எங்கூட்டுக்கு மருதாசலம்னு ஒருத்தரு சக்கரை வாங்கீட்டிருந்தாரு. இன்னைக்கும் கோவம் வந்தா நான், ‘போயி உன்ற மருதாசலத்துகிட்டக் கேளு’ம்பேன்.

எங்க உட்டேன்? ஆயுத பூஜை. ரெக்கார்டைக் கழுவி, காய வெச்சு, முள்ளு வெச்சேன். பொன்னுசாமி நிக்கறான், மக வந்திருக்கறா, ராசாமணி மேசை ஓரத்துல நிக்கறா. கொழலு வந்துது. எனக்கு நெஞ்சு அடிச்சுக்குதுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, கலியாணத்தன்னைக்குக் கூட அப்படி அடிக்கலை. கொழலு நின்னுது.

ஒண்ணும் வல்லீங்க.

ஆனா அவ வெரலு மேசை மேல ஒரு தட்டுத் தட்டுச்சு. டக்குன்னு. நான் பாத்தேன். ‘எதுக்குப் புள்ளே தட்டுனே?’ன்னேன். ‘மணி அடிச்சுதே’ங்கறா. பொன்னுசாமியைப் பாத்தேன். ‘அடிச்சுது மாப்பிளை’ங்கறான். மகளும் ‘ஆமாப்பா’ங்கறா. எனக்கு வந்துதே கோவம்! மூணு பேரும் பேசி வெச்சுட்டு எனக்குக் கதை உடறீங்களா? தோசைக்கல்லு திரும்பி வரோணும்ங்கறதுக்காக, இல்லாத மணியை அடிச்சுதுன்னு சொல்லி மிசினை மூட்டை கட்டப் பாக்கறீங்களான்னு சத்தம் போட்டேன். மக அவம்மாவைப் பாத்தா, அவம்மா மகளைப் பாத்தா.

பொறவு அந்த ஒரு ரெக்கார்டையே திரும்பத் திரும்பக் கழுவுனேன். பதினோரு தடவை. தண்ணி வெள்ளையா வருது, அழுக்கே இல்லை. அப்பத்தான் எனக்குப் புத்தியில தட்டுச்சுங்க. அழுக்கு மேல இருந்துதோ, மணி மேல இருந்துதோ, நான் ரெண்டையும் சேத்துக் கழுவிப்புட்டேன். நாப்பது வருசம் புழுதிக்குள்ள பத்திரமா இருந்துது. நான் பெரிய இவனாட்டம் மிசினு பண்ணி அதை உறிஞ்சி ஊறுகாப் பாட்டல்ல ஊத்திக் கொய்யாமரத்துக்கடியில கொட்டிப்புட்டேன். அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அழுதேன். அவளுக்குன்னு நான் ஒரு நகை நட்டுச் செஞ்சு போட்டதில்லை. எங்களுக்குன்னு இருந்தது அந்த ஒரு டிங்குதான். அதையும் நானே அழிச்சுட்டேன்.

மிசினை ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடுனேன். தோசைக்கல்லைக் கழட்டிக் கழுவிக் குடுத்தேன். வேண்டாம்னுட்டா. நடுவுல ஓட்டை இருந்தா எப்படித் தோசை வரும்? வடைதான் வரும்னா. சொல்லிட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தா. என்ற தலைக்குப் பின்னால கையை வெச்சுட்டு, காதுகிட்ட வந்து, என்னமோ சொன்னா. நெறையச் சொன்னா. மூச்சுக் காத்து படுது, சூடாப் படுது, ஆனா ஒரு எழுத்து கேக்கலீங்க. அன்னைக்குத்தான் எனக்குப் பயமாப் போச்சு. அய்யோ, இவளுக்குக் கொரலு முழுசாப் போயிருச்சே, இத்தனை நாளா ரெக்கார்டு ரெக்கார்டுன்னு இருந்துட்டு இவளைக் கவனிக்காம உட்டுட்டனேன்னு. ‘அம்மிணி, நாளைக்கே தொண்டை டாக்டர்கிட்டப் போலாம்’னேன்.

முப்பத்தெட்டு வருசத்துல நான் சொன்ன எதுக்கும் அவ ஒடனே சரின்னதில்லை. இதுக்கு மட்டும் ஒடனே சரின்னுட்டா. சரின்னுட்டுக் கண்ணைத் தொடச்சுட்டு, பொன்னுசாமிக்குப் போனைப் போட்டு டோக்கனும் வாங்கச் சொல்லிட்டா. அத்தனை வலி போல, பாவம்.

என்னங்க? எதுக்குக் கையைப் புடிக்கறீங்க? கூப்புடறாங்களா? ராசாமணின்னுதானே கூப்புடுவாங்க, அவதான் அங்கயே நிக்கறாளே, போகட்டும். நான் பின்னால போறேன்.

என்ற பேரா? வெள்ளியங்கிரின்னா? என்ற பேரு எதுக்குங்க? பொன்னுசாமி மாத்திக் குடுத்திருப்பான், அவனுக்கு எல்லாத்துலயும் லொள்ளு. மூணு தடவை கூப்ட்டாங்களா? அந்த நர்சம்மாவுக்கும் தொண்டை சரியில்லைன்னு... என்னது? மொகத்தைக் காட்டிச் சொல்லுங்க.

யாரு? நீலச் சேலையா? அவ வந்து கூப்ட்டாளா? எப்ப? இப்பவா? எனக்குப் பின்னால நின்னா?

‘ஏனுங்க’ன்னு கூப்ட்டிருப்பா. உங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. பேரைச் சொல்லியா? இல்லீங்க, அவ சொல்ல மாட்டா. மலைக்கே சொல்ல மாட்டா. நீங்க... நல்லாக் கேட்டீங்களா? ரெண்டு தடவையா?

எந்த எடத்துல நின்னா? இங்கயா? இந்தச் சேருக்குப் பின்னாலயா? கை நீட்டுனா தொடலாமேங்க இது.

இத்தனை கிட்ட நின்னு என்ற பேரைச் சொல்லியிருக்கறா. நீங்க கேட்டிருக்கறீங்க. அந்த நர்சம்மா கேட்டிருக்குது, கதவுகிட்டக் குத்த வெச்சிருக்கற அந்த ஆளு கேட்டிருக்கறான். முப்பத்தெட்டு வருசங்க. எனக்குக் கேக்கலை.

அப்ப அந்த மணியும் அடிச்சிருக்குதுங்களா?

வர்றேன் அம்மிணி, வர்றேன் இரு. வாயை எதுக்கு முந்தானையில பொத்தற? ஒண்ணும் தப்பில்லை, எடு. எடு புள்ளே, வாயைப் பாத்தாத்தானே எனக்குத் தெரியும்.

ஏனுங்க, இந்தப் பையைச் சித்தெப் பாத்துக்குங்க. நான் உள்ள போயி, காதோ தொண்டையோ, என்ன பண்ணோணுமோ பண்ணீட்டு வந்தர்றேன். என்ன மிசினு மாட்டுனாலும் சரி, மாட்டிக்கறேன். அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, நீங்கதான் கேட்டீங்க. வெள்ளியங்கிரின்னாளே, கோவமாச் சொன்னாளா, மெதுவாச் சொன்னாளா? கடைசியில ஒரு ‘ங்க’ போட்டாளா?